பச்சைக் கோடு போட்ட தம்ளர்

போகட்டும், கூப்பிடாதீர்கள் டீச்சர். உங்கள் தம்பி கேட் வரைக்கும்தான் போவார். கேட் பூட்டியிருக்கிறது.

உட்காருங்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டால் இங்கிருந்தே தெரியும். அதோ, முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டார். பீடி பற்றவைக்கிறார். பற்றவைக்கட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடுங்க வேண்டும்.

கை நடுங்குகிறது, பார்த்தீர்களா? தீக்குச்சி அணைந்துகொண்டே இருக்கிறது. காலையில் ஒன்றும் குடிக்கவில்லை என்று பஸ்ஸில் உங்களிடம் சத்தியம் செய்தார் என்றீர்கள். செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், என் அம்மாவின் தலையில் கை வைத்து, வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு. நெஞ்சை அடைக்கிறது என்கிறாரா? எத்தனை நாளாக? அது பயம் டீச்சர். குடியை விடப்போகிறோம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அது நடிக்க ஆரம்பிக்கும். டாக்டரிடம் காட்டலாம், ஒன்றும் அவசரமில்லை.

டீ போடுகிறேன். அடுப்பு இங்கேதான், பேசிக்கொண்டே போடலாம். எங்கள் வீட்டில் சுக்கு டீதான், உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதோ என்னவோ.

கிதியோனைப் பற்றி நீங்கள் கேட்காமலேயே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் வழி விசாரித்தபோது பழக்கடைக்காரர் சொல்லியிருப்பார். "கோயில்ல விழுந்து செத்தானே கிதியோன், அவனோட கோச் வீடா?" என்று. முதலில் அதைத் திருத்த வேண்டும். கோயிலில் விழுந்தான், அவ்வளவுதான். செத்தது வேறு இடத்தில், வேறு ஒரு நாளில். இந்த ஊரில் ஒருவருக்கும் ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கோயில் என்றால், உங்கள் சங்கரன்கோவில் பக்கம் சர்ச் என்பீர்கள். இங்கே நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.

என் வேலையைச் சொல்லிவிட்டு அவன் விஷயத்துக்கு வருகிறேன். மறுவாழ்வு மையத்தில் எனக்கு மீட்புத் துணை என்று பெயர் வைத்திருந்தார்கள். வாயால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கோச் என்பார்கள். ஒரு அம்மாள் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறவர் என்று நினைத்து மகனை மட்டையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். குடித்துக் கெட்டு, நிறுத்தி, நிறுத்தியபடியே நின்றவன்தான் இந்த வேலைக்கு ஆவான். டாக்டர் மருந்து கொடுப்பார். கவுன்சிலர் அறைக்குள் உட்கார வைத்துப் பேசுவார். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு? சனிக்கிழமை சாயங்காலம் கடை வழியாக நடந்து போகிறபோது? அங்கே டாக்டர் வர மாட்டார். அங்கே நான்.

மதுரையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஹேமா மேடம் என்று ஒருவர். "நீங்க டாக்டர் இல்ல, போலீஸ் இல்ல, சாமியார் இல்ல. கூட நடக்கிறவர். பதில் சொல்லாதீங்க, கேள்வி கேளுங்க. அவர் வழியை அவரே கண்டுபிடிக்கட்டும்" என்பார். நல்ல பொம்பளை. வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை.

கிதியோன் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் பழைய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்ற வேண்டும். தலைமுடி கனத்துக்குச் செம்புக்கம்பி. ஒரு சுற்று பிசகினால் மறுபடியும் எரியும். அந்த வேலையை நடுங்குகிற கையோடு செய்துகொண்டிருந்தான். பிறகு யாரும் அவனிடம் மோட்டார் கொண்டுவரவில்லை. அவன் மனைவி பியூலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாத்தான்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கோயிலிலும் அவனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனை நடுவில் எழுந்து நின்று, குருவானவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே, பாட ஆரம்பித்திருக்கிறான். நல்ல குரல் வேறு. அதற்கப்புறம் திருவிருந்து கிடையாது. அதாவது, பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்களே, அதற்கு அவன் வரக்கூடாது. எல்லோரும் எழுந்து போகும்போது அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். எங்கள் ஜனங்களுக்கு அதைவிட அவமானம் இல்லை.

அவனை நான் எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் சொல்வேன். விழுந்து கிடந்த பொருளை எடுக்கிற மாதிரி.

ஆசை வந்தால் கால் மணி நேரம்தான் நிற்கும் டீச்சர். அந்தக் கால் மணி நேரத்தை யாராவது கூட இருந்து தள்ளிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் இந்த வேலை. வயிறு காய்ந்தால் ஆசை வரும், அதனால் சாயங்காலம் ஆவதற்குள் அவனுக்கு இரண்டு தோசையாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போகாதே, வாய்க்கால் கரையோடு போ என்று ஒரு மாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன். தனியாக இருக்கும்போது ஆசை வந்தால் ஃபோன் பண்ணுவான். "சுத்துடா. சுத்திக்கிட்டே வாய்விட்டு எண்ணு" என்பேன். அவன் கம்பியைச் சுற்றிச் சுற்றி எண்ணுவான், நான் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் குரல் லேசாகும். "ஆசை போயிட்டு அண்ணாச்சி" என்பான். அந்தக் குரல் லேசாகிற இடம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

காலையில் நான் கூப்பிடுவேன். எடுத்ததும் "குடிக்கல அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் எனக்குப் பல் தேய்க்கவே தோன்றும். ஒரு நாள் சிரித்தான். "அண்ணாச்சி, நான் மொடாக்குடியனா இருந்த காலத்துல பிராந்திக் கடைக்காரன்கூட விடியுமுன்னே இப்படி ஃபோன் போட்டதில்ல." நானும் சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

அவன் தேறினான். நான் இல்லை என்று சொல்லவில்லை. கை நடுக்கம் நின்றது. மோட்டார்கள் வர ஆரம்பித்தன. கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பியூலா ஃபோனில் பேச ஆரம்பித்தாள். ஒரு காலை, நான் கூப்பிடுகிறேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறேன். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவன் பட்டறைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. கடைத்தெரு முழுக்கத் தேடினேன். கடைசியில் கோயிலிலிருந்து வருகிறான், கையில் பாட்டுப் புத்தகம். "பயிற்சி அண்ணாச்சி. ஃபோனை சைலண்ட்ல போட்டிருந்தேன்." எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான் பாருங்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோன் எடுக்காத ஒருவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியாதா?

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார்.

உங்கள் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார்களே, அதே மாத்திரைதான். அது உடம்பில் இருக்கும்போது ஒரு மடக்கு உள்ளே போனாலும் உடம்பு விடாது. முகம் செவசெவ என்று ஆகும், நெஞ்சு படபட என்று அடிக்கும், வாந்தி, சிலருக்கு மயக்கம். அந்தப் பயத்திலேயே கை பாட்டிலுக்குப் போகாது. அதனால்தான் ஆளிடம் எல்லாம் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். உங்கள் தம்பி கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டர் மேஜையைத் தட்டினார் என்றீர்கள். போட மாட்டார்கள் டீச்சர். கையெழுத்துப் போடுகிற அளவுக்குத் தெளிவு இருந்தால் அவர்களுக்கு மாத்திரை எதற்கு?

கிதியோன் போட்டான். ஒழுங்காகவும் சாப்பிட்டான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், ஈரலுக்கு ஆகவில்லை, இனி வேண்டாம், ஆளும் தெளிந்துவிட்டார் என்றார். டாக்டர் எப்போதோ ஒரு நாள் பார்க்கிறவர். தினமும் பார்க்கிறவன் நான். தெளிந்துவிட்டான் என்று நான் சொல்ல வேண்டுமா, அவர் சொல்ல வேண்டுமா?

நீங்கள் படித்தவர், உங்களிடம் சொல்லலாம். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். மீதி மாத்திரை என்னிடம்தான் இருந்தது. தீர்ந்தால் தருவதற்கு மெடிக்கலில் ஆள் உண்டு. அம்மியில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் மாவாகிவிடும். சாயங்காலம் அவன் இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். டீயில் கலந்துவிடுவேன்.

தெரிந்து சாப்பிட்டால் பயம் வேலை செய்யும். தெரியாமல் சாப்பிட்டால் மாத்திரையே வேலை செய்யும். குடிக்காதவனை அது ஒன்றும் செய்யாது டீச்சர், வெறும் சுண்ணாம்புத் தூள் மாதிரி. குடிக்கிறவனுக்குத்தான் அது மருந்து. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தம்ளர் மாறிவிடக்கூடாது, அது ஒன்றுதான் கவனம். அதற்கும் அவனே வழி செய்து வைத்திருந்தான். கோயில் அசனப் பண்டிகையில், அதாவது ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை, கடை போட்டிருந்தார்கள். அங்கே ஒரு அட்டைப்பெட்டி கண்ணாடித் தம்ளர் வாங்கி வந்தான். ஒவ்வொன்றின் வாயிலும் ஒவ்வொரு கலரில் கோடு. "அண்ணாச்சிக்குச் செவப்பு, எனக்குப் பச்சை. எனக்கு இனிமே எல்லாம் பச்சை விளக்குதான்" என்றான். அப்படி வேடிக்கையாகப் பேசுவான்.

முதல் வாரம் டீயை மோந்து பார்த்தான். "என்ன அண்ணாச்சி, பூண்டு உரிச்ச கையோட போட்டீங்களா?" அதற்கப்புறம்தான் சுக்கு. நன்றாகத் தட்டிப் போட்டால் வேறு ஒன்றும் தெரியாது. இப்போது வாசம் வருகிறதா? இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும்.

அங்கேயே நிற்கிறார், கவலைப்படாதீர்கள். நெஞ்சைத் தடவிக்கொள்கிறார். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்துதான் தடவுகிறார்.

ஒரு நாள் கிதியோன் முகம் பழுத்த மிளகாய் மாதிரி வந்து நின்றான். சவரம் செய்துவிட்டு லோஷன் தடவியிருக்கிறான். "எரியுது அண்ணாச்சி, நெஞ்சுகூட அடிச்சுக்குது. எதுவும் அலர்ஜியோ?" லோஷனிலும் ஆல்கஹால் கொஞ்சம் இருக்கும், உங்களுக்குத் தெரியுமல்லவா. தோல் வழியாகவே! நான் உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதிப்பட்டேன் என்று சொல்ல முடியாது. மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது. "படிகாரம் தேய்ச்சுக்கோ, லோஷன் வேண்டாம்" என்றேன். அவன் அப்படியே கேட்டுக்கொண்டான்.

பிறகு பியூலா எனக்கே ஃபோன் பண்ணினாள். கோயிலில் அவனை மறுபடியும் திருவிருந்தில் சேர்க்கப் போகிறார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியோடு வருகிறாளாம், அவன் பக்கத்தில் உட்காருவாளாம், ஆராதனை முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்களாம். சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அப்புறம் சொல்கிறாள், "நான் வந்ததுக்கப்புறம் சாயங்காலம் அவர் நேரா வீட்டுக்கு வரட்டும் அண்ணாச்சி. காலையில ஃபோனும் வேண்டாம், பிள்ள முழிச்சிரும்."

"அவனுக்கு இன்னும் ஆள் வேணும்மா" என்றேன்.

"நான் ஆள் இல்லையா?"

"நீ இருந்தப்பதானேம்மா குடிச்சான்."

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. அவர் நல்லாகணும்னு உங்களுக்கு ஆசையா, இல்ல நல்லாகிக்கிட்டே இருக்கணும்னு ஆசையா?" என்றாள். என்ன கேள்வி பாருங்கள். அவள் விட்டுவிட்டுப் போன ஆளுக்குத் தோசை கொண்டுபோனவனைப் பார்த்து.

சனிக்கிழமை சாயங்காலம் கிதியோன் வந்தான். புதுச்சட்டை தைக்கக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நாளைக்குத் திருவிருந்துப் பாத்திரத்துல வாய் வைக்கலாமா? எங்க கோயில்ல அது நெஜ ரசம். கோயில்குட்டி பானையில ஊற வச்சு எடுக்கிறது." கோயில்குட்டி என்றால் மணியடித்து, கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற ஆள். "அந்த வாசம் எனக்குத் தெரியும். குருவானவர்கிட்ட சொல்லி அப்பம் மட்டும் வாங்கிக்கிடட்டுமா?"

நான் என்ன சொல்ல முடியும்? பதில் சொல்லக்கூடாது, கேள்வி கேட்க வேண்டும். அதுதான் முறை.

"நீ என்ன நெனைக்கிறே?" என்றேன்.

"அப்பம் மட்டும் வாங்கினா பியூலா கவனிப்பா. இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்கான்னு நெனைப்பா."

"அப்படின்னா?"

"ஒரு வாய்தானே. சாமி காரியம்."

"ம்."

"வாங்கிரலாம்ங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. உன் வழி."

டீயைக் குடித்துவிட்டுப் போனான். ஆமாம், அன்றைக்கும் கொடுத்தேன். அவள் வந்துவிட்டால் அப்புறம் எப்போது கொடுப்பது? கொஞ்சம் கூடவே போட்டேன். சில நாள் தாங்கட்டும் என்று.

நானும் கோயிலுக்குப் போனேன். எனக்குப் பீடத்துக்குப் பக்கவாட்டுக் கதவோரம் ஒரு இடம் உண்டு. பியூலா முன்பே வந்துவிட்டாள். சக்கரம் வைத்த பெட்டியைப் பெஞ்சுக்கு வெளியே நிறுத்தியிருந்தாள், அவர்கள் இருவருக்கும் நடுவில் பிள்ளை. கிதியோன் பழக்க தோஷத்தில் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். வரிசை வரிசையாக எழுந்து போவார்கள், பின்பெஞ்சு கடைசி. இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாத்திரத்தில் மீந்ததைக் கீழே ஊற்றக்கூடாது. கடைசி ஆட்களிடம் குருவானவர் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார், முடித்துவிடட்டும் என்று. கிதியோன்தான் கடைசி. ஒரு வாய் இல்லை. அவன் தொண்டை மூன்று நான்கு தடவை ஏறி இறங்கியது, கதவோரத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

எழுந்து திரும்பினான். சிரித்த முகம். காதிலிருந்துதான் ஆரம்பித்தது. காது சிவந்து, கழுத்து சிவந்து, முகம் முழுவதும் ரத்தச் சிவப்பாக ஆகிவிட்டது. இரண்டாவது பெஞ்சைப் பிடித்தான். புதுச்சட்டைப் பொத்தானை அவிழ்க்கப் பார்த்தான். அப்படியே நடைபாதைக் கம்பளத்தில் வாந்தி எடுத்து, அதன் மேலேயே விழுந்தான். ஆர்கன் வாசிக்கிற ஆளுக்கு முதுகுப்புறம் நடப்பது தெரியாது, அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கு நடுவில் யாரோ ஒரு ஆள் தெளிவாகச் சொன்னார், "விடியக்காலமே போட்டுட்டு வந்திருக்கான். கர்த்தருடைய மேஜையில."

பியூலா கத்தவில்லை. அழவும் இல்லை. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். சக்கரம் இருந்தும் பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். வேறு யார் வந்தார்கள்? டியூட்டி டாக்டர் சின்னப் பெண். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "குடியை நிறுத்துறதுக்கு மாத்திரை ஏதும் எடுக்கிறாரா?" என்று கேட்டாள். கிதியோன் மூச்சு வாங்கிக்கொண்டே, "இல்லம்மா, அதை நிறுத்திட்டாங்க" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கேள்வி அவனிடம் கேட்டது. அவன் பதில் சொல்லிவிட்டான்.

என்ன டீச்சர்? தண்ணீர் வேண்டுமா? பானை அந்த மூலையில் இருக்கிறது.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் குடிக்கல அண்ணாச்சி. நேத்து சாயங்காலம் உங்க வீட்டுலதானே இருந்தேன். உங்க கையால டீதானே குடிச்சேன். பியூலாகிட்ட நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவா." சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறினேன். சொல்லவில்லை என்று ஒருவரும் பேசக்கூடாது. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள்.

"என் முன்னால அவன் குடிக்கலம்மா" என்றேன்.

"உங்க பின்னால?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சொல்லுங்கள். மாத்திரை என்றைக்காவது பொய் சொல்லுமா? அந்தக் கொஞ்சம் ரசத்துக்கு இவ்வளவு ஆகுமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நான் கொஞ்சம் கூடப் போட்டிருந்தேன், சரி. இருந்தாலும் ஆகுமா? விடியக்காலையில் ஏதோ உள்ளே போயிருக்கிறது. காலையில் நான் ஃபோன் பண்ணவில்லையே, பியூலா வேண்டாம் என்றுவிட்டாளே. ஒரு காலை ஃபோன் பண்ணவில்லை, பாருங்கள், அதே காலை.

அதற்கப்புறம் அவன் காலையிலும் வந்தான், சாயங்காலமும் வந்தான். பட்டறையைத் திறக்கவில்லை. தெருவில் நடந்தால் பிள்ளைகள் தள்ளாடி நடந்து காட்டினார்களாம். இங்கே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். "அண்ணாச்சி, தூக்கத்துல எந்திரிச்சுப் போய்க் குடிச்சிருப்பேனோ? எனக்கே தெரியாம?" என்று கேட்பான். "நீ என்ன நெனைக்கிறே?" என்பேன். "இருக்கும் அண்ணாச்சி" என்று தலையைக் குனிந்துகொள்வான். சொன்ன பேச்சுக்கு மறுபேச்சில்லை. ஃபோன் அடித்த முதல் மணியிலேயே எடுப்பான். அவ்வளவு நன்றாக அவன் என்னோடு ஒத்துழைத்த காலமே கிடையாது. காலையிலும் ஒரு டீ கொடுக்க ஆரம்பித்தேன்.

அப்படி இருந்தவன்தான்.

ஒரு மத்தியானம். பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் குனிந்து பார்த்திருக்கிறார். காயில் கட்டுகிற பலகைமேல் குவார்ட்டர் பாட்டில், பாதிகூடக் காலியாகவில்லை. முன்னால் அவன் குடித்த குடிக்கு அது ஒன்றுமே இல்லை டீச்சர், வாய் கொப்பளிக்கிற அளவு. ஷட்டர் வரைக்கும் தவழ்ந்து வந்திருக்கிறான். கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஃபோனில் என் பேர் இருந்தது, கூப்பிட்டிருக்கிறான். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

மாரடைப்பு என்றார்கள். குடிகாரன் சாவுக்கு யார் தோண்டித் துருவிப் பார்க்கப் போகிறார்கள்?

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். கோயிலில் அவனைப் பேசிய ஆள்கூடப் போட்டார். நான் குனிந்து மண்ணை எடுத்தேன். பியூலா என் கையைப் பார்த்தாள். "நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க அண்ணாச்சி" என்றாள். அவ்வளவு பேர் முன்னால். நான் எடுத்த மண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். இதைத்தான் நான் மறக்க மாட்டேன். இரண்டு வருஷம் அந்த மனுஷனைக் கையில் வைத்துத் தாங்கினவனுக்கு ஒரு பிடி மண் போட உரிமை இல்லை.

ஒரு வாரம் கழித்து இந்த வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அவர் தம்ளர் ஒண்ணு இங்க இருக்காமே. பச்சைக் கோடு போட்டது. பிள்ளைகிட்ட சொல்லியிருக்காரு. அதை மட்டும் குடுங்க" என்றாள். ஒடைஞ்சிட்டும்மா என்றேன். அவள் நின்றபடியே என் முதுகுக்குப் பின்னால் அலமாரியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மையத்திலிருந்து நான்தான் விலகிக்கொண்டேன். சாவியைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அவர்களுடைய முறைகளுக்குள் நின்றுகொண்டு ஆளைக் காப்பாற்ற முடியாது. இப்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதனால்தான் உங்கள் தம்பியை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன். பின்னறை இருக்கிறது. ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறேன்.

யோசியுங்கள், அவசரமில்லை. அன்றைக்கு அவர் அம்மாவைத் தள்ளிவிட்டதில் அம்மாவின் இடுப்பு எலும்பு என்னவாயிற்று என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இன்றைக்கு ராத்திரி அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டில் யார் தூங்குவார்கள்? நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று? உங்கள் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. நான் கேள்விதான் கேட்கிறேன் டீச்சர். உங்கள் வழியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டீ இறங்கிவிட்டது. அதோ, அவரும் வருகிறார். சொன்னேனல்லவா, கேட் வரைக்கும்தான்.

வாருங்கள் சங்கரபாண்டி தம்பி. வேர்த்திருக்கிறதே. உட்காருங்கள், இந்த நாற்காலிதான். ஒன்றும் பேச வேண்டாம், முதலில் டீ குடியுங்கள். சிவப்பு எனக்கு. நீலம் டீச்சருக்கு. டீச்சர், அந்தப் பச்சையைத் தம்பி பக்கம் நகர்த்துங்கள். சூடாக இருக்கும், விளிம்பைப் பிடித்துக் கொடுங்கள்.

ம். அப்படித்தான். ஊதிக் குடியுங்கள் தம்பி.